தோட்ட நிகழ்ச்சிக்குப் பதிலாக

துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கயிற்று வலை அறுந்து, மூட்டைகள் என் கணவர் மேல் விழுந்தன. எழுபதுகளின் நடுவில் நடந்தது அது. அவர் மூட்டை தூக்குகிறவர் இல்லை. ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கிளார்க். ஓரமாக நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தவர். முதுகெலும்பு ஒடிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொண்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தூத்துக்குடியில் ஊர் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டேன், காற்றாவது வரட்டும் என்று. ஆனால் அந்த ஜன்னலில் பார்க்க என்ன இருந்தது? வீட்டு முன்னால் வெளுத்துப்போன ஒரு துண்டு நிலம். அதற்கப்பால் முள்வேலி. வேலிக்கப்பால் உப்புக் குவியல்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும். அவர் பிறந்து வளர்ந்தது சாயர்புரம் பக்கம், செம்மண் பூமி, கண்ணுக்கு எட்டின தூரம் பனையும் முருங்கையுமாக இருக்கும். இங்கே படுத்துக்கொண்டு நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்தார். பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. கேட்டதற்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஜன்னல் திட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் சினிமாப் பாட்டுக்காக இலங்கை ரேடியோதான் பாடும். ஒரு சாயங்காலம் நான் அதைத் தேடித் திருகும்போது இடையில் ஒரு ஆண் குரல் வந்தது. கத்தரி நாற்றை எப்படிப் பிடுங்க வேண்டும், வேர் அறாமல் எப்படி நட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"ஏளா, அதை மாத்தாத. அங்கனயே வை" என்றார் அவர்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. நான் கையை எடுத்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை வரும் வீட்டுத் தோட்ட நிகழ்ச்சி. கால் மணி நேரம் இருக்கும். முதலில் ஒரு பெண் வணக்கம் சொல்லுவார், பிறகு விவசாய நிபுணர் ஒருவர் பேசுவார், கடைசியில் நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில். அந்த நாள் வந்தால் என் கணவர் காலையிலேயே கேட்டுவிடுவார், ரேடியோவுக்குப் பேட்டரிக் கட்டை புதிதாக இருக்கிறதா என்று. நிபுணரின் குரலில் ஒரு உறுதி இருந்தது. இதைச் செய்தால் இது வரும் என்பார். டாக்டர்கள் யாரும் எங்களிடம் அப்படிப் பேசியதில்லை.

"கேட்டியா? கத்தரிக்கு மேட்டுப்பாத்தி போடணுமாம்" என்றார் ஒருநாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாம போட்டா என்னளா?" என்றார்.

"இந்த மண்ணுலயா அத்தான்?"

"அவரு சொல்லுத மாதிரி செஞ்சா வரும்."

நான் அவருக்காக மட்டும் தொடங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. காலையில் அவரைப் புரட்டிப் போட்டு, உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, துணி அலசி, கஞ்சி கொடுத்து, மறுபடி புரட்டிப் போட்டு, இப்படியே போகும் பொழுதில் எனக்கும் ஏதாவது ஒன்று மேல்நோக்கி வளருவதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

நிபுணர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். ஒரு முழம் ஆழம் கொத்தச் சொன்னார். கொத்தினேன். கொத்தின இடத்தில் மறுநாள் காலையில் பொடி தூவினாற்போல வெள்ளை பூத்திருந்தது. வாய்க்கால் வண்டல் இரண்டு கூடை போடச் சொன்னார். வாய்க்காலுக்கு நான் எங்கே போக? சாயர்புரம் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு சாக்கில் செம்மண் அள்ளிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன்.

"மூட்டையில என்னம்மா, அரிசியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"மண்ணு."

"என்னது?"

"செம்மண்ணு. செடிக்கு."

பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், "தூத்துக்குடியில இப்ப மண்ணுக்கும் பஞ்சம் வந்துட்டா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இறங்கி நடக்கும்போது சாக்கின் பாரத்தில் கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது. அடுத்த வாரமும் போய் இன்னொரு சாக்கு கொண்டுவந்தேன்.

தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்குத் தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும், அதுவும் வந்தால்தான் உண்டு. அரிசி கழுவின தண்ணீர், அவர் முகம் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துச் செடிக்கு விட்டேன். போதாமல் கிணற்றுத் தண்ணீரும் விட்டேன். நாற்று பிடித்தது. கத்தரியில் நாலைந்து செடி நிமிர்ந்து நின்றது. கனகாம்பரம் இரண்டு. ஒரு தக்காளி. நான் கட்டிலின் தலைமாட்டை முட்டுக்கொடுத்து உயர்த்தினேன். அவர் படுத்தபடியே செடிகளைப் பார்த்தார். கத்தரியில் ஊதாப்பூ ஒன்று விட்டதை எனக்கு முன்னால் பார்த்தவர் அவர்தான்.

"ஏளா! இங்கன வா! பூத்திருக்கு பாரு!"

நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அந்தப் பூ காயாகவில்லை. உதிர்ந்தது. இலைகள் ஓரத்திலிருந்து கருகிச் சுருண்டன. பாத்தியின் மேல் உப்பு ஏடு கட்டிவிட்டது, விரலால் கீறினால் பொருக்குப் பொருக்காக வந்தது. நிபுணரோ அந்த வாரம் டேலியாப் பூக்களைப் பற்றியும், அதற்கடுத்த வாரம் புல்தரையைச் சீராக வெட்டுவது பற்றியும் சொன்னார். தண்ணீர் தாராளமாக விடுங்கள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எந்த ஊருக்கு, எந்த மண்ணுக்குச் சொல்லுகிறார் இவர்? ஆனாலும் அந்தக் குரலை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

அவர்தான் சொன்னார், கார்டு போடு என்று. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். மண்ணிலும் உப்பு. இதில் வீட்டுத் தோட்டம் போட வழி உண்டா?' இவ்வளவுதான் கேள்வி. படுத்திருக்கிற மனுஷன் கேட்கிறார் என்று சேர்த்து எழுதவா என்றேன். வேண்டாம் என்றார்.

பல வாரங்கள் ரேடியோவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில் அந்தப் பெண் சொன்னார்: "தூத்துக்குடியிலிருந்து ஒரு நேயர், உப்புத் தண்ணீரில் தோட்டம் போட வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நேரமில்லாததால் இதற்கு விரிவான பதிலை அடுத்த வாரம் சொல்கிறோம்."

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் போல ஒரு வாரம் எங்களுக்கு அதற்கப்புறம் வரவில்லை. சவரம் செய்யச் சொன்னார். மீன் குழம்பு கேட்டார். பக்கத்து வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், அந்த அம்மாவின் கணவர் கொழும்புக்குப் போகும் தோணியை ஓட்டும் தண்டல். அந்த அம்மாவை ஜன்னலுக்குக் கூப்பிட்டு, "ரேடியோவில எங்க கேள்விக்குப் பதில் சொல்லப் போறாவ. நீங்களும் வந்து கேளுங்க" என்றார். அவர் யாரையும் வீட்டுக்குள் வரவிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்த நாள் வந்தது. தண்டல் வீட்டம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நேரம் வந்தது. அறிவிப்பாளர் பேசினார்: "இந்த நேரத்தில் ஒலிபரப்பாக இருந்த தோட்ட நிகழ்ச்சிக்குப் பதிலாக, டெல்லியில் நடைபெறும் கூட்டத்தின் நேரடி ஒலிபரப்பு."

யாரோ ஒரு தலைவர் இந்தியில் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் சொல்லுவார்களோ என்று முழுவதையும் கேட்டோம்.

"அடுத்த வாரம் வரும்" என்றார் அவர்.

அடுத்த வாரம் தோட்ட நிகழ்ச்சிக்குப் பதிலாக வீணை. அதற்கடுத்த வாரம் பதிலாக என்ற வார்த்தைகூட இல்லை. நேராகச் சினிமாப் பாட்டு. தண்டல் வீட்டம்மா எழுந்து, "நாளைக்கு வாரேன்ளா" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் கத்தரிச் செடிகளில் இரண்டு போய்விட்டன. நான் குழாயில் பிடித்த குடிதண்ணீரையே செடிக்கு ஊற்றத் தொடங்கியிருந்தேன், பதில் வரும்வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்தால் போதும் என்று. தெருவில் பார்த்துவிட்டார்கள்.

"குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க கெடந்து சாவுதோம், இவ செடிக்கு ஊத்துதா" என்று குழாயடியில் ஒருத்தி கத்தினாள்.

"விடுக்கா, அவ புருசன் படுத்த படுக்கையா கெடக்காரு" என்றார் தண்டல் வீட்டம்மா எனக்காக.

அது அந்தத் திட்டைவிட வலித்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் நான் வானொலி நிலையம் இருந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். அவரைப் பார்த்துக்கொள்ளத் தண்டல் வீட்டம்மா இருந்தார். வாசல் காவலாள் உள்ளே விடவில்லை. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டுகிறவள் நான், என்னை உள்ளே விட மாட்டீர்களா என்று சத்தம் போட்டேன். அப்படிச் சத்தம் போட எனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு அதிகாரி வெளியே வந்து கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்தபோது, எவ்வளவு இனிப்பான தண்ணீர் என்று நினைத்தேன்.

"அந்த நிகழ்ச்சியை நிறுத்தியாச்சும்மா" என்றார்.

"எங்க கேள்விக்குப் பதில் சொல்லுததா சொன்னாவளே சார்."

"ஆமாமா, ஞாபகம் இருக்கு. பதில் ரெக்கார்டும் பண்ணிட்டோம். ஒலிபரப்ப முடியாமப் போச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப அதை ஒருதடவை எனக்கு மட்டும் போட்டுக் காட்டுங்க சார். கேட்டுட்டுப் போயிருதேன்."

அவர் அலமாரியைக் காட்டினார். வட்டத் தகர டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. "டேப் கிடைக்கிறது கஷ்டம்மா. ஒலிபரப்பாகாததை அழிச்சிட்டு அதுலயே வேற பதிவு பண்ணிடுவோம். உங்க பதில் இருந்த டேப்புல இப்போ ஒரு நாடகம் இருக்கு."

"அதைச் சொன்ன சார் எங்க?"

"மாற்றலாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போயிட்டார்."

"நீங்க கூட இருந்திருப்பீங்கல்லா? என்ன சொன்னாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேம்மா. எத்தனை நிமிஷம் வருதுன்னு பார்க்கிறதுதான் என் வேலை."

பிறகு அவராகவே சொன்னார், தோட்ட நிகழ்ச்சியை மேலே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, இடம் இருந்தால் போடுவது, வேறு ஒன்று வந்தால் தூக்கிவிடுவது, யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம் என்று. நான் கேட்க வந்திருக்கிறேனே என்றேன். ஆமாம்மா என்றார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்னளா சொன்னாவ?" என்றார் அவர்.

"அழிச்சிட்டாவளாம் அத்தான்."

"என்னத்த?"

"பதில."

"முழுசாவா?"

நான் நடந்ததைச் சொன்னேன். டேப், நாடகம், கடிகாரம் எல்லாம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வரும்னு சொன்னாரா, வராதுன்னு சொன்னாரா? அதாவது தெரியுமா?"

அது அந்த அதிகாரிக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாது அத்தான் என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பைத் திருப்ப முடியாதவர் முகத்தை மட்டும் திருப்புவது எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கும் காற்று. இருந்த செடிகளையும் அது தின்றது. வாளியோடு வெளியே போய் நின்றால் எதற்கு ஊற்றுவது என்று தெரியாமல் நிற்பேன். ஒரு மத்தியானம் அந்தப் பாத்தியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவில்லை. நானும் உடனே எழுந்து போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் அவ்வளவு தனியாக விட்டது இல்லை.

படுக்கைப் புண் ஆழமாகி, காய்ச்சல் விடாமல், எழுபதுகளின் கடைசியில் அவரை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேர்ப்பதற்கு முன்னால் என் அண்ணன் வீட்டில் சில நாள் தங்கினோம். அண்ணன் குடியிருந்த காலனியில் ஒரு வீட்டில் டெலிவிஷன் இருந்தது. நாங்கள் அதுவரை டெலிவிஷன் பார்த்ததில்லை. சினிமாப் பாட்டு போடுகிற நாளில் காலனியே அந்த ஹாலில் கூடும். அண்ணனும் இன்னொருவரும் என் கணவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வரிசையில் வைத்தார்கள்.

பாட்டுக்கு முன்னால் ஏதோ தொடங்கியது. கோட்டுப் போட்ட ஒருவர் பூச்செடிகள் நடுவே நின்று பேசினார். தோட்ட நிகழ்ச்சி. ஹாலில் ஒருவரும் பார்க்கவில்லை. பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். "இது முடியட்டும், அப்புறம் பாட்டு" என்றார்.

"அம்மா, கொஞ்சம் சத்தம் வைங்க" என்றார் என் கணவர். மெல்லிய குரல். நான் திரும்பச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குக் கேட்டது. ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சத்தத்தை வைத்தார்.

பெரிய பங்களாத் தோட்டம் அது. ரோஜா என்றார்கள். சாம்பல் நிறத்தில் இருந்தது. செம்பருத்தி என்றார்கள். அதுவும் சாம்பல். புல்லும் சாம்பல். கோட்டுக்காரர் ஒரு தொட்டியைத் தூக்கிக் காட்டி, இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்று தொடங்கினார். படம் ஆடியது. மறைந்தது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை வந்தது. அட்டையைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு வாத்தியம் வாசித்தார்கள். படம் திரும்ப வந்தபோது தோட்டம் இல்லை, பாட்டு தொடங்கிவிட்டது. ஹால் முழுக்கக் கைதட்டியது.

அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்துத் தாங்களும் சிரித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

"போவோம்ளா" என்றார். "நம்ம தோட்டத்தையும் இதுல காட்டியிருந்தா யாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

இப்போது என்னிடம் கலர் டெலிவிஷன் இருக்கிறது. சானல்களுக்குக் கணக்கில்லை. தோட்ட நிகழ்ச்சிகள் இன்னமும் வருகின்றன, ஜனங்கள் எழுந்திருக்காத நேரத்தில், உர விளம்பரத்துக்கும் ஜோசியத்துக்கும் நடுவில். நடத்துகிற பெண் கையில் மண் படாமல் பேசுகிறாள். செடி நட்ட அடுத்த நொடியில் காய் பறிக்கிறார்கள். நடுவில் செத்த செடிகளை எங்கே கொண்டு போடுகிறார்களோ. யாரோ ஒருத்தி அதை நம்பிக் கொத்திக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு வரும், சானலை மாற்றிவிடுவேன். அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை உயிரோடு கொண்டுவர முடியவில்லை. கடைசி நாட்களில் அவர் தோட்டத்தைப் பற்றியோ ரேடியோவைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. தாகம் என்று மட்டும் அடிக்கடி சொன்னார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பி, வீட்டைக் காலி செய்து, நான் பிறந்த ஊர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே கிணறு நிறைய நல்ல தண்ணீர். பெரிய டீச்சர் நான் சேர்ந்த வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு, "நீங்க தோட்டமெல்லாம் போட்டிருக்கீங்கன்னு சொன்னாவ. பிள்ளைங்களுக்குத் தோட்ட வகுப்பையும் நீங்களே எடுத்துக்கிடலாமே?" என்றார்.

எனக்குத் தையல் மட்டும் போதும் டீச்சர் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.